பிட்ஆக்ஸ் கருவியில் அதிர்வெண்ணும் மின்னழுத்தமும்: திருச்சி மாடி அறையில் ஓராண்டுக் குறிப்புகள்

பிட்காயின் மைனிங், அதாவது ஒரு புதிர்க் கணக்கின் விடையைத் தேடிப் பிட்காயின் ஈட்டும் வேலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது பெரிய கொட்டகைகளில் ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டு இரைந்துகொண்டிருக்கும் இயந்திரங்கள்தான். நான் எழுதப்போவது உள்ளங்கையளவே உள்ள ஒரு பலகையைப் பற்றி. பிட்ஆக்ஸ் காமா என்று பெயர் கொண்ட இந்தக் கருவியின் வரைபடமும் மென்பொருளும் திறந்த மூலமாகவே கிடைக்கின்றன. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், செய்து விற்கவும் விற்கலாம். அதில் இருப்பது ஒரே ஒரு மைனிங் சிப், பிஎம்1370. நொடிக்கு 234 டெராஹாஷ் (ஒரு டெராஹாஷ் என்பது ஒரு லட்சம் கோடி விடைச் சோதனைகள்) வேகமும் ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் மின்செலவும் கொண்ட ஆன்ட்மைனர் எஸ்21 ப்ரோ இயந்திரத்தில் வரிசை வரிசையாக இருக்கும் அதே சிப்தான் இங்கே தனியாக ஒரு விசிறியின் கீழ் உட்கார்ந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் இதை வாங்கித் திருச்சியில் எங்கள் வீட்டு மாடி அறையில் வைத்தேன். தொழிற்சாலைகளில் மின்னணுப் பராமரிப்பு செய்வது என் வேலை என்பதால், இந்தச் சிப்பை எந்த அதிர்வெண்ணில், எந்த மின்னழுத்தத்தில் ஓட்டினால் அது பிழையின்றி, நிற்காமல் ஓடும் என்பதை அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை முதல் நாளிலிருந்தே இருந்தது. அந்த அளவைகளில் நான் எங்கெங்கே தவறினேன், எதை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை, இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படும் என்று நம்பி எழுதுகிறேன்.

வருமானத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. உலகம் முழுவதிலும் பிட்காயினுக்காக ஓடும் இயந்திரங்களின் மொத்த வேகம் 2025-இல் ஒரு ஜெட்டாஹாஷை, அதாவது நூறு கோடி டெராஹாஷைத் தொட்டது. என்னிடம் இருப்பது ஒரு டெராஹாஷ். சராசரியாகப் பத்து நிமிடத்துக்கு ஒரு பிளாக் (பரிவர்த்தனைகளின் தொகுப்பு, அதற்கான விடையை முதலில் கண்டவருக்கே பரிசு) என்ற கணக்கில் ஆண்டுக்கு ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம் பிளாக்குகள் வருகின்றன. நூறு கோடியில் ஒரு பங்கு வைத்திருக்கும் நான் ஒரு பிளாக்கை எட்டிப் பிடிக்கச் சராசரியாகப் பத்தொன்பதாயிரம் ஆண்டுகள் ஆகும். 2024 ஏப்ரலுக்குப் பிறகு பிளாக் ஒன்றுக்கு 3.125 பிட்காயின்தான் புதிதாகக் கிடைக்கிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 1 முதல் இத்தகைய வருமானத்துக்கு 30 சதவீத வரி இருக்கிறது. மின்கட்டணத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. ஆகவே பணத்துக்காக இதை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு சிப்பின் குணத்தை அளந்து அறிவதற்கு இதைவிட மலிவான, நேர்மையான ஆசிரியர் எனக்குக் கிடைக்கவில்லை என்பதுதான் நான் இதில் தொடர்ந்து இருப்பதற்குக் காரணம்.

பிஎம்1370 சிப்புக்குள் பிட்காயினின் புதிரான ஷா-256 கணக்கைப் போடும் சின்னஞ்சிறு கருக்கள் 2040 இருக்கின்றன. ஒவ்வொரு கருவும் அதிர்வெண்ணின் ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு விடையைச் சோதிப்பதாகக் கொண்டால், 525 மெகாஹெர்ட்ஸில் வேகம் 525 பெருக்கல் 2040, அதாவது 1.07 டெராஹாஷ். 600-இல் 1.22. எவ்வளவு கிடைக்க வேண்டும் என்பது இப்படி முன்கூட்டியே தெரிந்துவிடுவதுதான் இந்த வேலையில் உள்ள பெரிய வசதி. கிடைப்பது அதற்கு எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை வைத்தே சிப் நலமாக இருக்கிறதா, திணறுகிறதா என்று சொல்லிவிடலாம்.

திணறல் என்று நான் சொல்வது என்ன என்பதைச் சற்று விளக்க வேண்டும். சிப்புக்குள் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒரு கூட்டல் கணக்கு முடிந்து அதன் விடை அடுத்த கட்டத்தின் வாசலில் வந்து நிலைத்து நிற்க வேண்டும். அதிர்வெண்ணை உயர்த்தினால் அதற்குக் கிடைக்கும் அவகாசம் குறைகிறது. மின்னழுத்தத்தை உயர்த்தினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாகத் திறந்து மூடுகின்றன, விடை சீக்கிரம் வந்து சேர்கிறது. அவகாசம் போதாதபோது சிப் நின்றுவிடுவதில்லை. தவறான விடையைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. கணினியாக இருந்தால் அந்த இடத்தில் நீலத்திரை வந்து நமக்குச் சொல்லிவிடும். இங்கே அப்படி யாரும் சொல்வதில்லை. சிப் கொடுக்கும் விடையைப் பலகையில் உள்ள கட்டுப்பாட்டுச் சிப் இன்னொரு முறை கணக்கிட்டுப் பார்த்து, பூல் (பலருடைய கருவிகளின் விடைகளைச் சேர்த்து வாங்கும் இணையச் சேவை) கேட்ட வரம்பை எட்டவில்லை என்றால் அனுப்பாமல் விட்டுவிடுகிறது, அவ்வளவுதான். விசிறி சுற்றுகிறது, விளக்கு எரிகிறது, மின்சாரம் செலவாகிறது, உழைப்பில் ஒரு பங்கு மட்டும் சத்தமின்றி வீணாகிறது.

மின்னழுத்தத்தை உயர்த்திவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். நானும் நினைத்தேன். ஆனால் செலவாகும் மின்திறன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் ஏறுகிறது. என் கருவி 525 மெகாஹெர்ட்ஸ், 1150 மில்லிவோல்ட்டில் 17 வாட் எடுத்தது. 600, 1200 என்று வைத்தபோது 21 வாட்டைத் தாண்டியது. வேகம் ஏழில் ஒரு பங்கு கூடியதற்கு மின்செலவு நான்கில் ஒரு பங்கு கூடிவிட்டது. கூடிய நான்கு வாட்டும் விரல்நகத்தளவு சிப்பிலிருந்தும் அதன் பக்கத்தில் மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்ப இறக்கித் தரும் ரெகுலேட்டரிலிருந்தும் வெப்பமாக வெளியேறியாக வேண்டும்.

முதல் வாரத்தில் நான் செய்தது அவசரம். 525-இல் ஒரு மாலை ஓட்டிவிட்டு, மறுநாள் நேராக 600-க்கும் 1200-க்கும் தாவினேன். திரையில் 1.25 டெராஹாஷ் என்று வந்ததைப் பார்த்து மகிழ்ந்து பத்து நிமிடத்தில் அறையைப் பூட்டிவிட்டு இறங்கினேன். இரவில் மூன்று முறை தானாக மறுதொடக்கம் ஆகியிருந்தது. காலையில் பார்த்தால் ஓடிய நேரம் என்ற இடத்தில் நாற்பது நிமிடம் என்று இருந்தது. சிப்பால் 600-ஐத் தாங்க முடியவில்லை என்ற முடிவுக்கு வந்து 575, 550 என்று இறக்கினேன். 550-இலும் நாளுக்கு ஒருமுறை விழுந்தது. இரண்டு வாரம் மின்னழுத்தத்தை ஏற்றியும் இறக்கியும் பார்த்தேன். ஏற்றும்போதெல்லாம் நிலைமை மோசமானது. அது எனக்கு அப்போதே ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். சிப்பின் திணறலாக இருந்தால் மின்னழுத்தம் ஏறும்போது குறைய வேண்டும். கூடுகிறது என்றால் குறை சிப்பில் இல்லை, அதற்கு முன்னால் எங்கோ இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்தேன். அடாப்டர் எதனோடும் இணைக்கப்படாதபோது 5.08 வோல்ட். கருவி முழு வேகத்தில் ஓடும்போது, பலகையில் அடாப்டர் முனை செருகும் ஜாக்கின் பின்பக்கக் கால்களில் இரண்டு ஊசிகளையும் வைத்துப் பார்த்தேன்: 4.55. ஏறத்தாழ அரை வோல்ட் வழியிலேயே காணாமல் போயிருந்தது. அடாப்டர் கேபிளைத் தொட்டுப் பார்த்தால் வெதுவெதுவென்று இருந்தது. அதன் மேலுறையைப் பிளேடால் கீறி உள்ளே பார்த்தபோது, தடித்த பிளாஸ்டிக் உறைக்குள் தையல் நூல் போன்ற செம்பு இழைகள் சிலவே இருந்தன. 5 வோல்ட், 6 ஆம்ப் என்று அதன் மேல் அச்சிட்டிருந்தார்கள். அடாப்டரின் உள்ளே இருந்த சுற்று அந்த அளவைத் தந்திருக்கவும் கூடும், ஆனால் அந்தக் கம்பியால் அதைக் கொண்டுவந்து சேர்க்க முடியவில்லை. 5 வோல்ட்டில் 21 வாட் என்றால் நான்கு ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. போகும் கம்பியும் வரும் கம்பியும் சேர்ந்து பத்தில் ஒரு ஓம் இருந்தாலே அரை வோல்ட் போய்விடும். மேலும், ரெகுலேட்டர் சிப்புக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே தீரும் என்பதால், உள்ளே வரும் மின்னழுத்தம் குறையக் குறைய அது கூடுதல் மின்னோட்டத்தை இழுக்கிறது. இழுக்க இழுக்கக் கம்பியில் இன்னும் குறைகிறது. சிப் ஒரு நொடி கூடுதலாகக் கேட்கும்போது பலகை முழுவதும் சரிந்து மறுதொடக்கம் ஆகிறது.

அடாப்டரை மாற்றி, ஐந்து வோல்ட் தரும் ஒரு உலோகப்பெட்டி எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியை வாங்கினேன். அதிலுள்ள சிறு திருகைத் திருப்பி 5.1 வோல்ட்டில் நிறுத்தினேன். வீட்டு வயரிங்குக்குப் பயன்படும் 1.5 சதுர மில்லிமீட்டர் கம்பியை ஒரு அடி நீளத்துக்கு வெட்டி முனையைச் சால்டர் செய்தேன். அதன் பிறகு முழு வேகத்திலும் ஜாக்கில் 5.05-க்குக் கீழே இறங்கியதில்லை. மறுதொடக்கம் அன்றோடு நின்றது. சிப்பின் அமைப்பில் நான் ஒரு எண்ணையும் மாற்றவில்லை. இரண்டு வாரமாக நான் குறித்துவைத்திருந்த அளவைகள் அனைத்தும் அந்தக் கம்பியின் குணத்தைத்தான் அளந்திருந்தன என்பதால், நோட்டில் அந்தப் பக்கங்களின் மேல் கோடு போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை. வீட்டில் இணைய ரவுட்டருக்கு வரும் 12 வோல்ட் அடாப்டரின் முனையும் இந்தக் கருவியின் ஜாக்கில் அச்சாகப் பொருந்தும். பொருத்தினால் பலகை அந்த நொடியே போய்விடும். மேசைக்குக் கீழே இருட்டில் கையை விட்டுத் தடவி எடுப்பவன் நான், அதனால் 5 வோல்ட் முனைக்குச் சிவப்பு டேப் சுற்றி வைத்திருக்கிறேன்.

அடுத்து நான் கற்றது காத்திருப்பது. இது பொறுமையைப் பற்றிய அறிவுரை இல்லை, கணக்கு. அப்போது என் கருவியில் இருந்த மென்பொருள் வேகத்தை நேரடியாக அளக்கவில்லை. சிப் எத்தனை விடைகளைக் கண்டுபிடித்து அனுப்புகிறது என்பதை எண்ணி அதிலிருந்து வேகத்தை ஊகித்துக் காட்டியது. சிப்புக்குள் வைக்கப்பட்டிருந்த கடின அளவு, அதாவது விடை எவ்வளவு அரிதாக இருக்க வேண்டும் என்ற வரம்பு, 256. அந்த அளவில் 1.07 டெராஹாஷ் ஓடும் சிப் சராசரியாக நொடிக்கு ஒரு விடை தரும். ஆனால் அது சராசரி மட்டுமே. ஒரு நொடியில் மூன்று வரும், அடுத்த நான்கு நொடிகளில் ஒன்றும் வராது, ஆடி மாதத் தூறல் போலத்தான். இப்படித் தற்செயலாக வரும் நிகழ்வுகளை எண்ணும்போது, எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்கு ஏற்ற இறக்கம் இருப்பது இயல்பு. பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 584 விடைகள் வரும், அதன் வர்க்கமூலம் 24, அதாவது 4 சதவீதம். ஒரு மணி நேரத்தில் 3500 விடைகள், ஏற்ற இறக்கம் 1.7 சதவீதம். ஒரு முழு நாளில் 84 ஆயிரம் விடைகள் வந்துவிடும், ஏற்ற இறக்கம் மூன்றில் ஒரு சதவீதமாக அடங்கிவிடும்.

இப்போது 525-லிருந்து 550-க்கு ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கூடவேண்டிய வேகம் 4.8 சதவீதம். பத்து நிமிடம் பார்த்தால் தற்செயலே நான்கு சதவீதம் ஆட்டிவிடுகிறது. ஏறியதாகத் தெரிவதும் இறங்கியதாகத் தெரிவதும் ஒன்றுதான், இரண்டுக்கும் பொருளில்லை. நான் முதல் வாரம் பார்த்து மகிழ்ந்த 1.25 என்ற எண் அப்படிப்பட்டது. 600 மெகாஹெர்ட்ஸில் கிடைக்கக்கூடிய உச்சமே 1.22 என்பதைப் பெருக்கிப் பார்த்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும்.

எனவே ஒரு அமைப்புக்கு ஒரு முழு நாள் என்று வகுத்துக்கொண்டேன். காலை ஏழு மணிக்கு மாற்றுவது, மறுநாள் காலை ஏழு மணிக்குக் குறிப்பது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுவது. அதிர்வெண்ணையோ மின்னழுத்தத்தையோ, இரண்டையும் சேர்த்து இல்லை. குறிக்கும்போது திரையின் வேகத்தோடு பூலின் பக்கத்தில் தெரியும் 24 மணி நேர சராசரியையும், அறையின் வெப்பத்தையும், சிப்பின் வெப்பத்தையும், ரெகுலேட்டரின் வெப்பத்தையும் எழுதினேன். பூல் சொல்வதைத்தான் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் தவறான விடை அங்கே போய்ச் சேருவதில்லை. பின்னால் வந்த மென்பொருள் பதிப்புகளில் சிப்பின் பிழை விகிதமே தனியாகக் காட்டப்படுவதால் இந்த வேலை எளிதாகிவிட்டது, ஆனாலும் பூல் கணக்கைப் பார்க்கும் பழக்கத்தை நான் விடவில்லை. பூல் நிராகரித்த ஷேர்கள் (நாம் அனுப்பிய விடைகள்) என்று ஓர் எண் தெரியும். அதைப் பார்த்ததும் சிப்பைச் சந்தேகிக்க வேண்டாம். தாமதமாக வந்தவை என்று நிராகரிக்கப்பட்டிருந்தால் குறை பெரும்பாலும் வைஃபையில் இருக்கும். என் அறையில் இரும்பு பீரோவுக்குப் பின்னால் இருந்த கருவியை ஜன்னலோரம் மாற்றியதும் அந்த எண் ஏறத்தாழ நின்றுவிட்டது.

இப்படி மார்ச் மாதம் முழுவதும் எடுத்த குறிப்புகளில் எனக்கு மிகவும் பயன்பட்ட வரி 600 மெகாஹெர்ட்ஸ், 1150 மில்லிவோல்ட் என்ற வரி. எதிர்பார்க்க வேண்டியது 1.22, பூல் சொன்னது 1.13. ஒருமுறைகூட நிற்கவில்லை, வெப்பம் மிதம், திரையில் குறையே தெரியவில்லை. ஆனால் நூற்றுக்கு ஏழு வீதம் உழைப்பு வீணாகிக்கொண்டிருந்தது. அதே 17 சொச்சம் வாட்டில் தொடங்கி 19 வாட்டுக்கு ஏறிப் பெற்ற கூடுதல் வேகம் வெறும் 0.06. நிற்காமல் ஓடுவதும் பிழையின்றி ஓடுவதும் வெவ்வேறு என்பதை அந்த ஒரு நாள் எனக்குக் காட்டியது. மின்னழுத்தத்தை 1200-க்கு ஏற்றியதும் பூல் கணக்கு 1.21 ஆனது. அறை 29 டிகிரி இருந்த அந்த மாதத்தில் சிப் 66 டிகிரியில் நின்றது. இதுதான் என் கருவியின் நிலையான அமைப்பு என்று தடித்த எழுத்தில் எழுதி அடிக்கோடிட்டேன்.

ஏப்ரல் கடைசியில் அந்த அடிக்கோடு செல்லாமல் போனது. திருச்சியில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையின் சித்திரை மாத மதியத்தை அனுபவித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளியே 40 டிகிரியை ஒட்டி வெயில், அறைக்குள் 37. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ அத்தனை டிகிரி, சில சமயம் அதற்கும் மேலாக, சிப்பும் ஏறுகிறது. வெப்பம் கூடினால் டிரான்சிஸ்டர்களில் கசிவு மின்னோட்டம் கூடும், அதனால் மின்செலவு கூடும், அதனால் வெப்பம் இன்னும் கூடும் என்று அது தன்னைத்தானே தள்ளிக்கொண்டு போகும். என் கருவியின் மென்பொருளில் சிப் 75 டிகிரியைத் தாண்டினால் அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தையும் அடிமட்டத்துக்கு இறக்கி, விசிறியை முழுவேகத்தில் சுற்றவிட்டு, நாம் வந்து கையால் மீட்டமைக்கும் வரை அப்படியே இருத்தும் காப்பு ஏற்பாடு உண்டு. நல்ல ஏற்பாடுதான். மே மாத முதல் வாரத்தில் வேலைக்குப் போய்விட்டு இரவு திரும்பும்போதெல்லாம் கருவி அந்த நிலையில்தான் இருந்தது.

வேகத்தைக் குறைப்பதற்கு முன் வெப்பம் வெளியேறும் பாதையைச் சரிபார்க்கலாம் என்று ஹீட் சிங்க்கைக் கழற்றினேன். சிப்பின் மேல் தெர்மல் பேஸ்ட் ஒரு மூலையில் பிறைபோலத் திரண்டு நின்றது, எதிர் மூலையில் சிப்பின் மேற்பரப்பு வெறுமையாகப் பளபளத்தது. பலகையைப் பொருத்தியவர் நான்கு திருகுகளில் ஒரு பக்கத்தை முதலில் முழுவதும் முறுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பழைய பருத்தித் துணியால் துடைத்து, ஒரு உளுந்தளவு பேஸ்ட்டை நடுவில் வைத்து, குறுக்கும் நெடுக்குமாக எதிரெதிர்த் திருகுகளைக் கால் சுற்று, கால் சுற்றாக இறுக்கினேன். அதே அமைப்பில், அதே அறை வெப்பத்தில் சிப் 5 டிகிரி இறங்கியது. பிறகு பலகையின் பின்புறம், ரெகுலேட்டர் இருக்கும் இடத்துக்கு நேராக, வெப்பம் கடத்தும் திண்டு வைத்து ஒரு சின்ன அலுமினியத் துண்டை ஒட்டினேன். ரெகுலேட்டர் சிப்பைவிட அதிக வெப்பத்தைத் தாங்கும் என்பது உண்மையே. என்றாலும் அது வெந்துகொண்டிருந்தால் அந்த வெப்பம் செம்புத் தடங்கள் வழியாகச் சிப்புக்கே திரும்பி வருகிறது. சிப்பின் எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

எதிர்த் திசையில் போவதற்கும் மே மாதம்தான் காரணமாக இருந்தது. அதுவரை எவ்வளவு ஏற்றலாம் என்று மட்டுமே யோசித்துவந்தவன், எவ்வளவு இறக்கலாம் என்று பார்த்தேன். 490 மெகாஹெர்ட்ஸ், 1060 மில்லிவோல்ட்டில் மின்செலவு பதிமூன்றரை வாட்டுக்கு இறங்கியது, ஆனால் ஒரு டெராஹாஷ் வரவேண்டிய இடத்தில் 0.96தான் வந்தது, அவகாசம் போதவில்லை. 1100-க்கு ஏற்றியதும் பதினான்கரை வாட்டில் 0.995 வந்தது. ஒரு டெராஹாஷுக்குப் பதினான்கரை வாட். 600-இல் அதே ஒரு டெராஹாஷுக்குப் பதினேழரை வாட் செலவாகியிருந்தது. சித்திரை வெயிலில் விசிறி பாதி வேகத்தில் சுற்ற, சிப் 61 டிகிரியில் நாள் முழுவதும் அமர்ந்திருந்தது. இரண்டு மாத மின்கட்டணக் கணக்கில் இது பத்து யூனிட் வித்தியாசம்கூட இல்லை. ஆனாலும் வேகத்தில் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே கூடுதலாகக் கொடுத்து, மின்செலவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க முடிகிறது என்பது எனக்கு மிகுந்த நிறைவைத் தந்தது. ஒரு சிப்பில் இது சில்லறை. பத்தாயிரம் சிப் வைத்திருப்பவருக்கு இதுதான் தொழிலே.

பல சிப்புகள் சேரும்போது கணக்கு எப்படி மாறுகிறது என்பதை இதற்கு முன்பே ஒரு பழைய ஆன்ட்மைனர் எஸ்9-இல் பார்த்திருக்கிறேன். 2016-இல் வந்த அந்த இயந்திரத்தில் மூன்று பலகைகள், பலகைக்கு 63 சிப்புகள், மொத்தம் 189. ஒவ்வொரு சிப்பிலும் 114 கருக்கள். 650 மெகாஹெர்ட்ஸில் பெருக்கிப் பார்த்தால் 14 டெராஹாஷ் வரும். ஒரு பலகையில் மும்மூன்று சிப்புகளாக 21 கூட்டங்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். பலகைக்குக் கொடுக்கும் ஒன்பது வோல்ட் சொச்சத்தை அந்த 21 கூட்டங்களும் பங்கிட்டுக்கொள்ளும். பந்தியில் வரிசையாகப் பரிமாறி வருவது போல, முன்னே இருப்பதன் பங்கு மாறினால் பின்னே இருப்பதன் பங்கும் மாறும். என்னிடம் வந்த இயந்திரத்தில் நடுப்பலகை மட்டும் அடிக்கடிப் பிழை எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போனது. நிலைத் திரையில் ஒவ்வொரு சிப்புக்கும் ஒரு வட்ட எழுத்தும், தடுமாறும் சிப்புக்குப் பெருக்கல் குறியும் தெரியும். அந்தப் பெருக்கல் குறி எப்போதும் ஒரே இடத்தில் வந்தது. மற்ற இரண்டு பலகைகளையும் 650-இல் விட்டுவிட்டு, நடுப்பலகையை மட்டும் 550-க்கு இறக்கியபோது அது அமைதியானது. ஒரு சிப்புக்காக மற்ற அறுபத்திரண்டையும் மெதுவாக ஓட்டுவது வருத்தமாக இருந்தது. ஒவ்வொரு சிப்புக்கும் தனித்தனி அதிர்வெண்ணைத் தானே தேடிப் பொருத்தும் பிரெயின்ஸ் போன்ற மாற்று ஃபர்ம்வேர்கள் (இயந்திரத்தின் உள் மென்பொருள்கள்) உருவானதன் அருமை எனக்கு அப்போது விளங்கியது.

எஸ்9 எங்கள் வீட்டில் நீடிக்கவில்லை. 1300 வாட் என்பது நாளுக்கு 31 யூனிட், இரண்டு மாதத்துக்கு 1870 யூனிட். அதற்குமேல் கணக்கே போட வேண்டாம். போவதற்கு முன் அது கற்றுக்கொடுத்த ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அதை நான் சாதாரண ஆறு ஆம்ப் பிளக்கில் செருகியிருந்தேன். 230 வோல்ட்டில் ஐந்தரை ஆம்பியர் சொச்சம்தான் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். மாலையில் தெரு முழுவதும் ஏசி ஓடத் தொடங்கியதும் எங்கள் வீட்டு மின்னழுத்தம் 190-க்கு இறங்கும். மின்னழுத்தம் குறைந்தாலும் இந்த மின்வழங்கி அதே வாட்டைத்தான் இழுக்கும் என்பதால், மின்னோட்டம் ஏழு ஆம்பியரை நெருங்கியிருக்கிறது. ஒரு நாள் எரிந்த பிளாஸ்டிக் வாடை வந்து பார்த்தால் சாக்கெட்டின் ஒரு துளை பழுப்பேறி வாய் இளகியிருந்தது. ஆயிரம் வாட்டுக்கு மேல் இழுக்கும் எதையும் பதினாறு ஆம்ப் பவர் பிளக்கில்தான் செருக வேண்டும், அதுவும் தனிக் கம்பி இழுத்த பிளக்காக இருக்க வேண்டும். இரவும் பகலும் ஓடுகிற ஒன்றுக்கு, எப்போதாவது பத்து நிமிடம் ஓடும் இஸ்திரிப் பெட்டிக்குப் போட்ட கணக்கு பொருந்தாது.

ஐப்பசி மழை தொடங்கி அறை 27 டிகிரிக்கு வந்ததும் மீண்டும் 600-க்கு ஏற்றிப் பார்த்தேன், ஓடியது. இப்போது நோட்டில் ஒரே அமைப்பு இல்லை. மாசி முதல் புரட்டாசி வரை ஒன்று, ஐப்பசி முதல் தை வரை ஒன்று என்று இரண்டு எழுதியிருக்கிறேன். தூசிக்காக மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் ஹீட் சிங்க் இடுக்குகளைத் துடைக்கும் நாளையும் அதிலேயே குறித்துவிடுகிறேன்.

சென்ற மாதம் ஒசூரில் வேலை செய்யும் என் அக்கா மகன் இதே கருவியை வாங்கினான். அவனுக்கு என் நோட்டைப் படம் எடுத்து அனுப்பியிருந்தேன். அவன் நேராக என் 600, 1200 என்ற வரியைப் பொருத்திவிட்டு மறுநாள் அழைத்தான். "மாமா, பூல்ல 1.14-க்கு மேல ஏறவே இல்லை. அறை 24 டிகிரிதான் இருக்கு. அடாப்டர் வோல்டேஜும் 5.04 இருக்கு" என்றான். நான் கேட்க நினைத்த இரண்டையும் அவனே அளந்துவிட்டுத்தான் பேசினான் என்பதில் எனக்குப் பெருமையாக இருந்தது. அவனுடைய சிப்பும் என்னுடையதும் ஒரே எண் பொறித்தவைதான், ஆனாலும் சிலிக்கான் தட்டில் எந்த இடத்திலிருந்து வெட்டப்பட்டது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு சிப்பும் கேட்கும் மின்னழுத்தம் கொஞ்சம் மாறும். அவனுடையது 600-க்கு 1200 போதாது என்கிறது. 1250 கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டான். வேண்டாம், 525-க்கும் 1150-க்கும் இறங்கி, ஒரு நாள் முழுக்கத் தொடாமல் ஓட்டிவிட்டு, அதை முதல் வரியாக எழுது என்றேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவன் அனுப்பிய படத்தில், புது நோட்டின் முதல் பக்கத்தில், தேதி, 525, 1150, அறை 23, சிப் 54, பூல் 1.066 என்று ஒரு வரி இருந்தது.